ஓப்பின் பேப்பரில் வாங்கிய கார்

கார் வாங்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது சோதனைச் சாவடி வரிசையில் நின்றபோதுதான். அன்புவழிபுரத்தில் வீடு. சீனன்குடாவில் ஒரு தொழிற்சாலையில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலை. சமாதான காலத்தில் அந்தத் தூரத்தை ஒருவன் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே கடந்துவிடுவான். சண்டை மறுபடி தொடங்கிய பிறகு அதே தூரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. பஸ் நிற்கும். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டி, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறவேண்டும். கொஞ்சத் தூரத்தில் மறுபடி அதே கூத்து. என் மனைவி என்ன கறி வைத்திருக்கிறாள் என்பது எனக்கு முன்னமே அந்தச் சிப்பாய்களுக்குத் தெரிந்துவிடும்.

மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. ஆனால் மோட்டார் சைக்கிளில் வருகிற தமிழனை எவரும் நம்பாத காலம் அது. சாவடிக்கு வெகு முன்னாலேயே இறங்கி உருட்டவேண்டும். காரில் வருகிறவனை மட்டும் உட்கார்ந்தபடியே அட்டையைக் காட்ட விட்டார்கள். ஒருநாள் மாரி மழையில் நனைந்துகொண்டு நிற்கையில், ஒரு காரின் கண்ணாடி இரண்டு அங்குலம் இறங்கி ஓர் அட்டை வெளியே நீண்டதைப் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. நாற்பது வயதில் வரவேண்டிய எரிச்சல் இல்லைத்தான், ஆனால் வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் லொறி ஓட்டிய கிண்ணியா முஸ்லிம் ஒருவர் இருந்தார்; எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். வாகனங்களின் நாடி பிடித்துப் பார்க்கிற மனிதர். அவரிடம் என் எண்ணத்தைச் சொன்னேன்.

"மூணு விசயம் பாருங்க தம்பி," என்றார் நானா. "குறைஞ்ச விலையா இரிக்கணும், பெற்றோல் குடிக்கக் கூடா, ஓட்டக்குள்ள மனசுக்குச் சந்தோசமா இரிக்கணும். மூணாவது இல்லாட்டி மத்த ரெண்டும் இருந்தும் பிரயோசனமில்ல."

யுத்தத்துக்கு நடுவில் சந்தோஷத்தையும் ஒரு தகுதியாகச் சேர்த்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

முதலில் பார்த்தது ஒரு பழைய பெரிய கார். சீற்றுகள் மெத்தைபோல் இருந்தன. ஆனால் பெற்றோலை எருமை தண்ணீர் குடிப்பதுபோல் குடிக்கும் என்று நானா முகத்தைச் சுளித்தார். பெற்றோல் ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது என்ற ஊரில் அதை வாங்கி முற்றத்தில் கோழி அடைக்கத்தான் முடியும். அடுத்தது ஒரு வான். நல்ல என்ஜின், நல்ல விலை, நிறம் வெள்ளை. வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் ஒழுங்கையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அந்த நாட்களில் ஆட்களைக் கடத்திப்போகிறவர்கள் வருவது வெள்ளை வானில்தான். பக்கத்து வீட்டு யன்னல் சாத்தப்பட்டது. "உந்த வானை முதலில கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ," என்றாள் மனைவி. வானுக்குள் ஏறிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவதாகத்தான் அந்தக் குட்டிக் காரைக் கண்டேன். ஜப்பான் கார், வெளிர்நீலம், பின்கதவு மேலே தூக்கித் திறக்கிற வகை. உப்புவெளியில் ஓர் ஆசிரியர் குடும்பத்தோடு வெளிநாடு போவதற்காக விற்றுக்கொண்டிருந்தார். பின்சீற்றை மடித்தால் ஒரு மூட்டை அரிசி, ஒரு காஸ் சிலிண்டர், அதற்கு மேல் ஒரு சைக்கிளும் போகும். தனியாக டிக்கி என்று மூடிய அறை இல்லை; கண்ணாடி வழியாகப் பார்த்தாலே உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். சாவடியில் அது பெரிய தகுதி. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையிலேயே ஒரே வெட்டில் திரும்பியது. முன்னால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்தால் வந்த வழியே திரும்பக்கூடிய கார்தான் எங்களுக்கு நல்ல கார்.

ஓட்டிப் பார்த்தேன். கியர் வெண்ணெயாக விழுந்தது. சல்லி மேட்டில் ஒரு துள்ளுத் துள்ளி இறங்கியபோது நான் என்னை மறந்து சிரித்துவிட்டேன்.

"லீற்றருக்கு எத்தினை ஓடும்?" என்று ஆசிரியரைக் கேட்டேன். அவர் சொன்ன கணக்கை நானா நம்பவில்லை. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. தாங்கியிலிருந்து வருகிற குழாயைக் கழற்றி, ஒரு லீற்றர் பெற்றோல் நிரப்பிய போத்தலில் செருகி, கார் தானாக நிற்கும்வரை ஓட்டவேண்டும். நிற்கிற இடம் பொய் சொல்லாது. திரும்பி வருவதற்கு இன்னொரு போத்தல் என் மடியில் இருந்தது. கண்டி வீதியால் போய்த் திரும்பினோம். கார் ஓடியது, ஓடியது, எங்கள் கெட்ட காலத்துக்குச் சீனன்குடாவில் காவலரணுக்கு எதிரே வந்து நின்றது. பெற்றோல் போத்தலும் கையுமாக இரண்டு ஆண்கள். இதைவிடப் பெரிய மடத்தனத்தை யுத்த காலத்தில் ஒருவன் செய்யமுடியாது. கைகளைத் தலையில் வைத்தபடி தார் றோட்டில் முழங்காலில் நின்றோம். நானா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் எரிபொருள் சிக்கனத்தைப் பற்றி விளக்கினார். ஒருவழியாக எங்கள் மேலதிகாரி வந்து கூட்டிப்போனார். வீட்டுக்கு வந்ததும் நானா சொன்ன முதல் வார்த்தை, "பதினெட்டு ஓடியிரிக்கு தம்பி. வாங்கலாம்."

சுழி பார்க்காமல் மாடு வாங்காதே என்பார்கள். நாங்கள் எல்லாச் சுழியும் பார்த்தோம். டயர், பற்றறி, என்ஜின், துரு, எல்லாம் பார்த்தோம். காரின் பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டோம். அதில் ஆசிரியரின் பெயர் இல்லை. ஈச்சிலம்பற்று முகவரியோடு வேறொருவரின் பெயர் இருந்தது. ஆசிரியரும் அந்தக் காரை ஓப்பின் பேப்பரில்தான் வாங்கியிருந்தார்.

எங்கள் ஊரில் பாதி வாகனங்கள் அப்படித்தான் ஓடின. விற்கிறவர் உரிமை மாற்றும் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுப்பார். வாங்குகிறவரின் பெயரும் திகதியும் வெறுமையாக இருக்கும். அந்தத் தாள் புத்தகத்தோடு கைமாறிக்கொண்டே போகும். பெயரை மாற்றுவதென்றால் கொழும்புக்குப் போகவேண்டும். கொழும்பில் ஒரு தமிழன் இரவு தங்குவதென்றால் பொலிஸில் பதியவேண்டும். ஆகவே எவரும் மாற்றுவதில்லை. ஊரோடு ஒத்து நானும் அந்தத் தாளை அலுமாரிக்குள் வைத்தேன்.

அடுத்த ஒரு வருடம் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஊர் அழுதுகொண்டிருந்தது. நானோ காலையில் அந்தக் காரில் ஏறி உட்கார்ந்ததும் இருபது வயதுக்காரனானேன். சாவடியில் கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி அட்டையை நீட்டினேன். வெளியே வரிசையில் நின்றவர்களை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

பிறகு தொழிற்சாலையில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். தன் சொந்தப் பெயரில் பதியாத வாகனம் எதுவும் இனி வாசலுக்குள் வரக்கூடாது. அலுமாரியிலிருந்து தாளை எடுத்தேன். கையெழுத்து அழகாக இருந்தது, கடைசி எழுத்தின் வால் மேலே சுழித்துப் போனது. திகதி இடம் வெறுமையாக இருந்தது.

"என்ன திகதி போட?" என்று நானாவைக் கேட்டேன்.

"இண்டையத் திகதியப் போடுங்க. பழசைப் போட்டா ஏன் இவ்வளவு நாளும் மாத்தல்ல எண்டு தண்டம் அடிப்பானுகள்."

எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நான் என் பேனாவால், ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றின் திகதியை எழுதினேன். கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். சில கிழமைகளில் புத்தகம் என் பெயரோடு வந்தது. மனைவி சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துப் பூப்போட்டாள்.

புரட்டாதியில், நான் லீவில் நின்ற ஒரு நாள், ஓர் அம்மா வாசலுக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. படலையைத் திறந்தவர் என்னைப் பார்க்கவில்லை. முற்றத்தில் நின்ற காரைப் பார்த்தார். போய் அதன் முன்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கதிரையில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தோம். ஈச்சிலம்பற்றிலிருந்து வருவதாகச் சொன்னார். கார் புத்தகத்தில் முன்பு இருந்த பெயர் அவருடைய ஒரே மகனின் பெயர். காரை அவன் முன்னமே யாருக்கோ ஓடக் கொடுத்திருக்கிறான் என்றுதான் அவர் நினைத்திருந்தார். தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை அவனை யாரோ வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. காணாமல் போனவர்களை விசாரிக்கிற கந்தோரில் முறைப்பாடு கொடுத்துவிட்டு ஒவ்வொரு மாதமும் போய் வந்திருக்கிறார்.

"போன கிழமை ஒரு தாளைக் காட்டினவங்கள் தம்பி," என்றார். "உன்ர மகன் ஆனி மாதத்தில கார் வித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறான், அவன் எங்கையோ சுகமா இருக்கிறான், நீ பொய் முறைப்பாடு குடுத்திருக்கிறாய் எண்டு ஏசினவங்கள். உங்கட விலாசத்தையும் தந்தவங்கள். வாங்கின ஆள் கண்டனான் எண்டு சொன்னால் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கட்டாம். காணேல்லை எண்டால் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

அந்தத் திகதி என் கையால் எழுதியது. இந்த அம்மாவின் மகன் என் பேனாவில் கூடுதலாக ஐந்து மாதம் வாழ்ந்திருக்கிறான். காணவில்லை என்று நான் சொன்னால், பொய்த் திகதி எழுதிய தமிழனாக அந்தக் கந்தோருக்குப் போகவேண்டும். காணாமல் போனவனின் கார் எனக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். அப்படி விசாரிக்கப்பட்டவர்கள் எல்லோரும் வீடு திரும்பிய காலமில்லை அது. குசினி வாசலில் நின்ற மனைவி என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். சொல்லாதே என்று.

அந்த அம்மா என்மேல் கோபப்பட்டு வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவருடைய முகம் மலர்ந்திருந்தது.

"நீங்கள் அவனைக் கண்டனீங்கள்தானே தம்பி? ஆனியில?"

கோபித்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

"ஓம்," என்றேன்.

"மெலிஞ்சு போனானோ?"

"கொஞ்சம்."

"தாடி விட்டிருந்தவனோ?"

"ஓம் அம்மா. சின்னத் தாடி."

அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, "இவ்வளவு தூரம் வந்தவன் ஏன் என்னட்டை வரேல்லை?" என்று கேட்டார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். "பயத்திலை அம்மா," என்றேன். "வந்தால் உங்களுக்குத்தான் கரைச்சல் எண்டு சொன்னவர்."

அவர் தலையசைத்தார். என் மகன் அப்படித்தான் சொல்லுவான் என்பதுபோல் தலையசைத்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். முறைப்பாட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று யாரோ எழுதிக் கொடுத்த கடிதம். கையெழுத்து மட்டும் வைக்கவேண்டும். அவனைத் தேடும்படி இந்த உலகத்தில் இருந்த ஒரே கடதாசி அந்த முறைப்பாடுதான். எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

"அந்தக் கந்தோரடியில என்னைக் கொண்டுபோய் விடுவீங்களோ தம்பி? இந்தக் காரில?"

முன்சீற்றில் ஏறினார். இதில்தான் மகன் தன்னை வெருகல் கோயிலுக்குக் கூட்டிப்போனான் என்று வழி நெடுகச் சொன்னார். சாவடியில் நான் கண்ணாடியை இறக்கி அட்டையை நீட்டினேன். அவரும் தன் அட்டையைத் தந்தார். பட்டினத்துக்குள் போகிறவரை ஒவ்வொரு சந்தியிலும், அடுத்த சந்தியில் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். அந்தக் கார் வேகமாக ஓடக்கூடியது. அன்றைக்கு எவ்வளவு மெதுவாக ஓட்டியும் கந்தோர் வந்துவிட்டது.

இறங்கிக் கதவைச் சாத்தினார். பிறகு குனிந்து, கண்ணாடி வழியாக முகத்தை நீட்டினார்.

"தம்பி, திரும்ப எங்கையும் அவனைக் கண்டால், பார்க்க வரேல்லை எண்டு அம்மாவுக்குக் கோவமில்லையாம் எண்டு சொல்லுங்கோ."

"ஓம் அம்மா," என்றேன். "சொல்லுறன்."