சித்தி கட்டிய கை

சுவரொட்டியில் என் சித்தியின் பெயர் ‘இடி’. வீட்டில் குக்கர் விசிலடித்தால் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். பதினோரு வருடமாகப் பணத்துக்குக் குத்துச்சண்டை போட்டாள். அத்தனை வருடமும் அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பயிற்சிக்கூடத்தில் தரை துடைக்கப் போனவள் அவள். வழியில் தொங்கிய மணல்மூட்டையை நகர்த்த ஒரு குத்து விட்டாள். மூட்டை கொக்கியோடு கழன்று விழுந்தது. அதன்பிறகு பயிற்சியாளர் அவளை விடவில்லை. கையுறைக்குள் ஊறிய வேர்வை நாற்றம் அவளுக்கு ஆகாது. மூக்கில் அடி வாங்குவது அறவே ஆகாது.

“மூக்குல பட்டா கண்ணு தானா கலங்குதுடி. இடி அழுதுன்னு சிரிக்கிறாங்க.”

எதிராளிக்கு அடி பலமாக விழுந்துவிட்டால் “ஐயோ, சாரிம்மா” என்பாள். சண்டையில் பேசக் கூடாதென்று நடுவர் இரண்டு முறை எச்சரித்திருக்கிறார்.

பிடித்தது ஒன்றே ஒன்று, கை கட்டுவது. கையுறை போடுமுன் நீளமான துணிப்பட்டையை விரல் இடுக்குகளில் விட்டு, முட்டிமேல் ஓட்டி, மணிக்கட்டில் இறுக்க வேண்டும். கட்டு சரியாக இருந்தால்தான் பயமில்லாமல் முழுப் பலத்தோடு குத்த முடியும். கூடத்தில் எல்லோரும் அவளிடம்தான் கையை நீட்டுவார்கள். அந்த வேலைக்கே வரச் சொல்லிக் கேட்டும் இருந்தார்கள். மேலாளரோடு போட்ட ஒப்பந்தம் முடியாமல் போக முடியாது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் எந்தக் காகிதமும் என்னிடம்தான் வரும். கடைசிச் சண்டைக்கு முந்தின வாரம் ஒப்பந்தத்தைப் படித்துச் சொன்னேன்.

“தோத்தா வீட்டுக்கு வரலாம் சித்தி. ஜெயிச்சா, மேலாளர் நினைச்சா இன்னும் ரெண்டு வருஷம்.”

“நல்லா எழுதியிருக்கான் படுபாவி.”

“பேசாம தோத்துடேன்.”

“அடிப் பட்டதாரி! பதினோரு வருஷம் புடிக்காமத்தான் செஞ்சேன். பொய்யா செய்யல.”

கல்லூரி மேடையில் பேசியவர்கள் எல்லோரும் பிடித்ததைச் செய்யுங்கள் என்றார்கள். மூட்டை தூக்கும் என் அப்பாவிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் தண்ணீர் சோதிக்கும் கூடத்தில் குப்பிகளுக்கு எண் ஒட்டுகிறேன். பிடிக்கிறதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சித்திக்கோ தெளிவாகத் தெரிந்திருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

சண்டையன்று உடை மாற்றும் அறையில் எதிராளிப் பெண் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். இருபது வயதிருக்கும். அவளுக்குக் கை கட்டுபவருக்குக் காய்ச்சலாம். அவளே கட்டிக்கொண்டதை, சண்டைக்கு முன் கட்டைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளர் இரண்டு முறை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்.

“இப்படிக் கட்டினா விரல் போயிடும். குடு” என்று சித்தி எதிரில் உட்கார்ந்தாள்.

பேருந்து ஓட்டும் சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். “உன்னை அடிக்கப்போற கைடி அது! தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாளா ஒருத்தி?”

“நீங்க உங்க வண்டியைப் பாருங்க.”

அந்தப் பெண் மெல்லக் கேட்டாள். “அக்கா, உங்களுக்கு இது புடிக்குமா?”

“சுத்தமா புடிக்காது.”

“எனக்கும்தான்.”

இருவரும் சிரித்த சிரிப்பில் மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். பிறகு கட்டைத் தடவிப் பார்த்து அதன் மேலேயே கையெழுத்துப் போட்டார்.

ஆறு சுற்றுகள். சித்தப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“யாருக்கு விழுந்துச்சு?”

“அந்தப் பொண்ணுக்கு.”

“ஐயோ பாவம்.”

“இப்போ சித்திக்கு.”

அவர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

ஐந்து சுற்றுவரை சமமாகத்தான் போனது. கடைசிச் சுற்றில் அந்தப் பெண்ணின் இடது கை சித்தியின் விலாவில் இறங்கியது. சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. சித்தி ஒரு முழங்காலில் சரிந்தாள். நடுவர் எட்டு எண்ணுவதற்குள் எழுந்து, மணி அடிக்கும்வரை விடாமல் குத்தினாள். இரண்டு புள்ளிகளில் தோற்றாள்.

அறைக்கு வந்ததும் கேட்டேன். “நிஜமா சொல்லு. விட்டுக் குடுத்தியா?”

“விட்டுக் குடுக்கிறவ எதுக்குடி எழுந்திருக்கணும்? அப்படியே படுத்துத் தூங்கியிருப்பேன்.” விலாவைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். “என்னா அடி! கட்டு நூல் அளவு தளர்ந்திருந்தாலும் அப்படி இறங்காது.”

கதவருகே அந்தப் பெண் நின்றாள். “அக்கா, அவுத்து விடுறீங்களா?”

சித்தி கத்தரியை எடுத்துக் கையெழுத்தின் ஓரமாக வெட்டினாள். துணிப்பட்டையில் ஒரு மடிப்புகூட நகர்ந்திருக்கவில்லை. உள்ளே முட்டிகள் சிவக்கக்கூட இல்லை. அந்தக் கையை விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சித்தப்பா பக்கம் நீட்டினாள்.

“என்னங்க, இப்பவாவது கண்ணைத் தொறந்து பாருங்க. ஒரு கீறல் இருக்கா?”