பதிலுக்குத் தட்டினேன்

இது நடந்தது. நம்பாதவர்கள் என் பட்டறைக்கு வாருங்கள், முகத்துக்கு நேரே சொல்கிறேன். எனக்குப் பேய் பயம் கிடையாது. அன்றும் கிடையாது என்றுதான் சாதித்தேன்.

பழைய பலகைகளின் மேல் வினியர் ஒட்டுவது என் தொழில். வினியர் என்றால் காகிதம்போல் சீவிய மரத்தாள். பசை தடவி, ஒட்டி, உருளையால் அழுத்தி, ஓரத்தைச் சீவிவிட்டால் கிழட்டுக் கதவும் புது மாப்பிள்ளை மாதிரி நிற்கும். கூட வேலை செய்பவள் என் நாத்தனார். அவளுக்குக் கையும் ஓயாது, வாயும் ஓயாது.

அன்று ஒருவர் அறைக் கதவு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். "உள்பக்கம் மட்டும் ஒட்டுங்க. அந்தப் பக்கத்தைப் பார்க்கவே பிடிக்கல" என்றார். காரணம் சொல்லவில்லை. கெட்டி மரம். நிறம் மங்கி, கீறல் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

மதியத்துக்குள் ஒட்டி முடித்தோம். மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. அடியில் காற்று அடைத்துக்கொண்டால் வினியர் உப்பிவிடும். அதனால் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். கெட்டியாகக் கேட்டால் ஒட்டியிருக்கிறது. பொத்தென்று கேட்டால் ஒட்டவில்லை.

தட்டினேன். டொக், டொக், டொக்.

மரத்துக்குள்ளிருந்து பதில் வந்தது... டொக், டொக், டொக்.

"ஏய், விளையாடாதே" என்றேன்.

நாத்தனார் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். "நான் இங்க இருக்கேன் அண்ணி."

கதவு இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் கிடந்தது. குனிந்து பார்த்தேன். அடியில் மரத்தூள்தான். அதில் ஒரு தடமும் இல்லை.

மறுபடி தட்டினேன். மறுபடி பதில். இந்த முறை வேகமாக.

"அண்ணி, வந்துடுங்க. அப்புறம் பார்த்துக்கலாம்."

"நீ போ. வேலைய பாதியில விட்டுட்டு நான் வரமாட்டேன்."

அவள் மழையிலேயே ஓடிவிட்டாள்.

கதவின் நடுவில் வினியர் மெல்ல உப்பியது. உள்ளங்கை அளவு. உருளையால் அழுத்தினேன். அடங்கியது. உருளையை எடுத்ததும் எழுந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து உடம்பின் பாரம் முழுவதையும் போட்டேன்.

"யாரா இருந்தாலும் சரி. நான் ஒட்டினது ஒட்டினதுதான்."

அடியிலிருந்து ஐந்து விரல்கள் என் விரல்களோடு பொருந்தின.

சில்லென்று...

கையை எடுக்கவில்லை. எடுக்கமாட்டேன்.

டொக்... டொக்...

"தட்டு. நானும் தட்டுவேன்." இடது கையால் தட்டினேன்.

டொக்...

தட்டினேன்.

அப்புறம் சத்தம் இல்லை. அந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் கதவை எடுத்துப்போக வந்த தச்சரிடம், இது யார் இருந்த அறையின் கதவு என்று கேட்டேன்.

"கதவு குடுத்தாரே, அவர் சம்சாரம் அந்த ரூம்லதான் செத்துப் போச்சு. மூச்சிரைப்பு. பூட்டு வேற சிக்கிக்கிச்சு. கத்தக் குரல் வரல. கதவைத் தட்டியிருக்கு."

"வீட்ல யாரும் இல்லையா?"

"அவரே ஹால்லதான் இருந்தாரு. காலையில ரெண்டு பேருக்கும் சண்டை. வீம்புக்குத் தட்டுதுன்னு நினைச்சிட்டாரு."

தச்சர் கதவை வண்டியில் சாய்த்துக் கயிற்றை இறுக்கினார்.

"அது தட்டத் தட்ட, இவரும் பதிலுக்குத் தட்டியிருக்காரு. சத்தம் நிக்கிற வரைக்கும்."