நூருன்னிசா பெயரில் ஒரு நம்பர்

ரங்கூன் தாமுவே மார்க்கெட்டில் கனகாம்பாளைத் தெரியாத பெண் யாராவது இருந்தால், அவள் ரவிக்கையே தைத்துப் போடாதவளாகத்தான் இருக்க வேண்டும். முப்பத்தோரு வருஷமாக ஒரே தையல் மிஷின், ஒரே ஸ்டூல், ஒரே வாய். தோளிலிருந்து இடுப்புக்கு டேப் இறங்குவதற்குள் வந்தவளின் மாமியார் கதை, மருமகள் கதை, பக்கத்து வீட்டுக்காரி கதை மூன்றையும் கறந்துவிடுவாள். பர்மாக்காரப் பெண்கள் அவளை மரியாதையாக டோ கனகா என்பார்கள். தமிழ்ப் பெண்கள் கனகாக்கா என்பார்கள். அவள் காதில் விழாத தூரத்தில் இரண்டு கூட்டமும் வேறு பெயர் சொல்லும், அதை இங்கே எழுத முடியாது.

இந்தக் கனகாம்பாளுக்கு ஐம்பத்தொன்பதாவது வயதில் திடீரென்று பாஸ்போர்ட் தேவைப்பட்டது. ஒரே மகள் சாந்தகுமாரி கட்டிக்கொண்டு போனது பினாங்குக்கு. கல்யாணமாகி ஒன்பது வருஷம், போகாத கோயில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. இப்போது ஏழாம் மாசம். "நீ வராம நான் பெத்துக்க மாட்டேம்மா" என்று போனில் அழுகிறாள். "பெத்துக்காம உள்ளேயே வச்சுப் பூட்டிக்குவியாடி?" என்று இவள் அதட்டினாள். போனை வைத்த பிறகு மிஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இவளும் அழுதாள். புருஷன் ரெங்கசாமி போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. மகளுக்கு ஒரு தாய், தாய்க்கு ஒரு மகள், வேறு நாதியில்லை. பிரசவத்துக்கு அவள் போயே ஆகவேண்டும்.

பாஸ்போர்ட் என்று போய் நின்றால், போனில் அடையாள அட்டை இருக்கிறதா என்றார்கள். பெட்டிக்கடியில் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரப்படுத்திய பழைய அட்டையை எடுத்து நீட்டினாள். அது பத்தாதாம். போனைத் திறந்தால் அதற்குள்ளிருந்து அவள் முகமும் பெயரும் எழும்பி வரவேண்டுமாம்.

"நானே முழுசா முன்னாடி நிக்கிறேன். என்னைப் பத்தி என் போன்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள். நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விக்கெல்லாம் எந்த ஊர் ஆபீஸில் பதில் சொன்னார்கள்?

மார்க்கெட் வாசலில் போன் கடை வைத்திருப்பவன் கணேஷ்குமார். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். தமிழ் நன்றாகப் புரியும், பேச வாயைத் திறந்தால் பர்மா பாஷைதான் முந்திக்கொண்டு வரும். அவன் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"அன்ட்டி, கன்னத்துல இருக்கிற தனக்காவைத் துடைங்க. கேமராவுக்கு மூஞ்சி தெரியல."

வெயிலுக்கு இதமாக ஊரே அரைத்துப் பூசும் மரப்பட்டைக் குழம்பு அது. கனகாம்பாள் முகத்தில் எப்போதும் இரண்டு கன்னத்திலும் வட்டமாக இருக்கும். முணுமுணுத்துக்கொண்டே வெட்டுத்துணியால் துடைத்தாள்.

"கண்ணைச் சிமிட்டுங்க. இடது பக்கம் திரும்புங்க. இல்லை, அது வலது. சிரிக்காதீங்க."

"பொண்ணு பாக்க வந்த மனுஷன்கூட என் மூஞ்சியை இவ்வளவு நேரம் பாக்கலடா."

முகம் தேறிவிட்டது. பெயர் தேறிவிட்டது. அப்பன் பெயர்கூடத் தேறிவிட்டது. கடைசியில் ஒரு சிவப்புக் கட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. கணேஷ்குமார் அதை இரண்டு தரம் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மயாபூ அன்ட்டி." முடியாது என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். "போன் நம்பர் உங்க பேர்ல இல்லை. டோ நூருன்னிசா பேர்ல இருக்கு."

அடக் கடவுளே, அவள் பேரா!

நடந்தது இதுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சிம் கார்டு வாங்குவதென்றால் வீட்டையே விற்க வேண்டியிருந்த காலம் முடிந்து, வார்டு வார்டாகச் சீட்டுக் குலுக்கி மலிவு விலையில் சிம் கொடுத்தார்கள். கனகாம்பாள் பெயர் விழவில்லை. எதிர் லுங்கிக்கடை நூருன்னிசாவுக்கு விழுந்தது. அவள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்ததால், "இந்தாடி, நீ வச்சுக்க" என்று தூக்கிக் கொடுத்துவிட்டாள். ரங்கூனில் பாதிப் பேர் அந்தக் காலத்தில் அடுத்தவர் பெயரில்தான் போன் பேசினார்கள். யார் பெயரில் இருந்தால் என்ன, மணி என் மடியில்தானே அடிக்கிறது என்று விட்டுவிட்டார்கள். நடுவில் எல்லா நம்பரையும் பதிவு செய் என்று உத்தரவு வந்தபோதும் நூருன்னிசாவே தன் அட்டையைக் காட்டிக் காரியத்தை முடித்தாள். இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் மொஹிங்கா சாப்பிட்ட நாட்கள் அவை.

"வேற நம்பர் வாங்கிக்கிறேன்" என்றாள் கனகாம்பாள்.

"இந்த அட்டைக்காக வார்டுல விரல் ரேகை எடுத்தப்ப இந்த நம்பரைத்தானே குடுத்தீங்க? இனி மாத்தணும்னா முதல்லேருந்து வரணும். மூணு மாசம் ஆகும். இல்லாட்டி டோ நூருன்னிசா போன் கம்பெனி கவுன்ட்டருக்கு நேர்ல வந்து, முகத்தைக் காட்டி, உங்க பேருக்கு மாத்திக் குடுக்கணும். ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

மூன்று மாசத்தில் பேரப்பிள்ளை பிறந்து தொட்டிலில் கிடக்கும். நேரில் கூட்டிவரலாம் என்றால், நூருன்னிசாவோடு பேச்சுவார்த்தை நின்று ஆறு வருஷம்.

சண்டைக்குக் காரணம் ஒரு ரவிக்கை. நூருன்னிசா மகள் ஸமீராவின் கல்யாணத்தில் தாயார் போட்டுக்கொள்ள ஜரிகை ரவிக்கை தைத்தவள் கனகாம்பாள். பந்தியில் பிரியாணி வைக்க நூருன்னிசா குனிந்தாள், முதுகுப் பக்கம் டர்ரென்று விட்டுவிட்டது. நானூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இதுதான் உன் தையலாடி?" என்று அவள் கத்தினாள். கனகாம்பாள் சும்மா இருந்திருக்கலாம். அவள் என்றைக்குச் சும்மா இருந்தாள்? "தையல் ஒழுங்காத்தான் இருக்கு. உள்ள அடைச்ச சரக்குதான் ஜாஸ்தி" என்றுவிட்டாள். சம்பந்தி வீட்டார் சிரித்ததில் ஒருவருக்குப் புரையேறியது.

அன்றிலிருந்து பதினைந்தடி இடைவெளியில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் மார்க்கெட் பூனையைத்தான் திட்டுவார்கள். "நன்றி கெட்ட ஜென்மம்" என்று நூருன்னிசா லுங்கித்துணியை உதறுவாள். "தின்னு தின்னு ஊதுற ஜென்மம்" என்று கனகாம்பாள் மிஷினை மிதிப்பாள். முகத்துக்கு முகம் பார்ப்பது மட்டும் கிடையாது. கொரோனாக் காலத்தில் போட்ட மாஸ்க்கை நூருன்னிசா இன்னும் கழற்றவில்லை. என் மூஞ்சியில் விழிக்கப் பிடிக்காமல்தான் மூடிக்கொண்டிருக்கிறாள் என்று கனகாம்பாள் கணக்குப் போட்டிருந்தாள்.

முதலில் தூது விட்டுப் பார்த்தாள். நூருன்னிசாவின் புருஷன் சாதிக் பாட்சா, வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். டீக்கடையில் அவரைப் பிடித்தாள்.

"பாய், நீங்கதான் எப்படியாவது சொல்லிக் கூட்டிட்டு வரணும்."

"சொல்லிப் பாத்துட்டேன் தங்கச்சி. கணேஷ்குமார் நேத்தே வந்து விஷயத்தைச் சொல்லிட்டான். 'கேக்க வேண்டியவளுக்கு வாய் இருக்குல்ல, அந்த வாய்தானே அன்னிக்குப் பேசுச்சு, அதையே எடுத்துட்டு வரச் சொல்லுங்க'ன்னுட்டா."

இரண்டு நாள் கனகாம்பாள் வீம்பாக இருந்தாள். மூன்றாம் நாள் சாந்தகுமாரி கூப்பிட்டு, காலெல்லாம் வீங்கியிருக்கிறது, பயமாக இருக்கிறது என்றாள். கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். அந்தப் பதினைந்தடியைக் கடந்து போய் லுங்கிக் குவியலுக்கு முன்னால் நின்றாள். மார்க்கெட்டே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"நூரு" என்றாள். உண்மையைச் சொல்ல வேண்டுமே! அன்றைக்குப் பதினோரு ரவிக்கை கையில் இருந்தது, அவசரம். எப்போதும் பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்ளே துணி விட்டுத் தைக்கிறவள், நூருன்னிசாவுடையதில் மட்டும் விடவில்லை. நம்மவள்தானே, பொறுத்துக்கொள்வாள் என்ற திமிர். இது ஆறு வருஷமாக அவளுக்கும் சாமிக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. அன்னிக்கு ரவிக்கை கிழிஞ்சது இவளால இல்லை. நான்தான் உள்ளே..."

"வாயை மூடுடி!" என்று நூருன்னிசா சீறினாள். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அன்னிக்கு ராத்திரியே பிரிச்சுப் பாத்தேன். உள்ளே நூலளவுக்குக்கூடத் துணி இல்லை. இந்த மார்க்கெட்ல ஒருத்திகிட்ட மூச்சு விட்டேனா? விட்டிருந்தா உன் மிஷின்ல இந்நேரம் பூனைதான் குட்டி போட்டிருக்கும். இப்ப நீயே தம்பட்டம் அடிச்சு உன் பொழப்புல மண்ணைப் போட்டுக்கிறியே, கூறு கெட்டவளே."

கனகாம்பாள் வாயை மூடிக்கொண்டாள். இப்படி ஒரு சம்பவம் அவள் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

"சாந்திக்கு எத்தனாம் மாசம்?" என்று நூருன்னிசா கேட்டாள்.

"ஏழு முடியப் போகுது."

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வரேன். டாக்சி நீதான் பிடிக்கணும்."

மறுநாள் டாக்சியில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கைப்பை உட்கார்ந்து வந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் நகத்துக்குச் சாயம் பூசி, குரலுக்குத் தேன் பூசி வைத்திருந்தாள். நூருன்னிசாவின் அட்டையைத் தட்டிப் பார்த்து, மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கேமராவைப் பார்க்கச் சொன்னாள். நூருன்னிசா கொஞ்சம் தயங்கினாள். பிறகு கழற்றினாள்.

கேமரா வேண்டாம் என்றது. வெளிச்சத்தைத் திருப்பி வைத்தார்கள், வேண்டாம் என்றது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள், முக்காட்டைத் தள்ளச் சொன்னார்கள். ஐந்தாம் தடவையும் அந்தப் பெண் திரையைப் படித்துவிட்டுத் தேன் குரலில் சொன்னாள்: "மயாபூ. இந்த முகம் அவங்க முகம் இல்லை."

"அவ முகம் இல்லையா? முப்பது வருஷமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா?" என்று கனகாம்பாள் கவுன்ட்டர் மேல் ஏறாத குறையாகக் கத்திவிட்டுத் திரும்பி நூருன்னிசாவைப் பார்த்தாள்.

அந்தப் பூசணிக்காய்க் கன்னம் எங்கே போனது? எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. திரையில் ஆறு வருஷத்துக்கு முந்திய படத்தில் மூன்று தாடையோடு முறைத்துக்கொண்டிருந்தவளில் பாதிகூட இங்கே நிற்கவில்லை.

"என்னடி இது?" என்றாள் கனகாம்பாள்.

"கிட்னி போயிருச்சு. ரெண்டு வருஷமாச்சு. வாரத்துக்கு ரெண்டு தரம் ரத்தத்தை வெளிய எடுத்துத் துவைச்சு, திருப்பி உள்ளே விடுறாங்க. நல்லா வெளுக்க மாட்டேங்குது."

வாரத்தில் இரண்டு நாள் பாட்சா பாய் கடையில் உட்கார்ந்திருந்ததன் அர்த்தம் இப்போதுதான் விளங்கியது. மகாராணி ஊர் சுற்றப் போயிருக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தாள். பதினைந்தடி தள்ளி உட்கார்ந்திருந்தவள் இரண்டு வருஷமாகப் பார்க்காததை இந்தக் கண்ணாடித் துண்டு ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட்டது. கனகாம்பாளுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அழவும் வந்தது, ஆனால் அதற்கு நேரமில்லை. கவுன்ட்டர்ப் பெண் அடுத்த டோக்கனைக் கூப்பிடக் கையைத் தூக்கிவிட்டாள்.

"இரும்மா!" என்று கனகாம்பாள் அவள் கையைப் பிடித்து இறக்கினாள். "நூரு, கன்னத்தை உப்பு."

"என்னது?"

"பலூன் ஊதுற மாதிரி காத்தை அடைச்சு உப்புடி! பழைய மூஞ்சி வேணும் இதுக்கு."

"எல்லாரும் பாக்குறாங்கடி."

"நானூறு பேர் முன்னாடி முதுகைக் காட்டினவதானே நீ? உப்பு!"

நூருன்னிசா உப்பினாள். அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி, பேரன் பேத்தி எடுத்தவள், இரண்டு கன்னத்தையும் ஊதிக்கொண்டு கேமராவை முறைத்தாள். கனகாம்பாள் பக்கத்தில் நின்று, "இன்னும், இன்னும், இடது பக்கம் பத்தல" என்று வழிகாட்டினாள். வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காற்றைப் பிடித்துக்கொண்டு நூருன்னிசாவின் கண்ணில் நீர் முட்டியபோது திரை பச்சையாகியது. "அல்லா!" என்று அவள் காற்றை விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்புக்கு, கவுன்ட்டர்ப் பெண் தேன் குரலை மறந்து வெளியே போய்ச் சிரிக்கும்படி சொன்னாள்.

கையெழுத்துகள் முடிந்தன. நம்பர் பெயர் மாறியது. வாசல் படியில் உட்கார்ந்து கனகாம்பாள் போனைத் திறந்தாள். தனக்கா இல்லாத முகத்தோடு, சிரிக்காமல், டோ கனகாம்பாள் எழும்பி வந்தாள். போலீஸ்காரன் பிடித்துப்போன திருடி போல இருக்கிறாய் என்று நூருன்னிசா சொன்னாள். பரவாயில்லை, இந்தத் திருடி பினாங்குக்குப் போய்விடுவாள்.

"எத்தனை நாள் இருப்பே அங்கே?" என்று நூருன்னிசா கேட்டாள்.

"மூணு மாசம். சாந்தி எழுந்து நடமாடுற வரைக்கும்."

நூருன்னிசா மாஸ்க்கைக் கையில் வைத்துச் சுருட்டினாள், பிரித்தாள். ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தபடி சொன்னாள்: "மூணு மாசம் எனக்கு ஜாஸ்திடி."

கனகாம்பாள் கைப்பையைத் தூக்கி மறுபக்கம் வைத்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

"நாப்பது நாள். நாப்பத்தோராவது நாள் காலைல நான் கடையில இருப்பேன். அதுக்குள்ள நீ எங்கேயாவது போனே, காலை ஒடிச்சிருவேன்."