சிவப்பு வளையல்களும் சர்க்கார் ஊசியும்

பெரியப்பா ஜில்லா போர்டு எலெக்‌ஷனுக்கு நின்ற வருஷம்தான் எங்கள் ஊரில் எலி விழுந்தது. எலி செத்து விழுந்தால் அடுத்தது பிளேக் என்று எல்லோருக்கும் தெரியும். நாமக்கல் பக்கத்துச் சின்ன ஊர் எங்களுடையது. ஊரே வீடுகளைப் பூட்டிவிட்டுக் காட்டுக்குப் போய், சோளத்தட்டு வேய்ந்த சாளைகளில் குடியேறியது. பெரியவர்களுக்கு உள்ளூரக் கிலி. எங்களுக்கோ பள்ளிக்கூடம் இல்லாத திருவிழா. பக்கத்துச் சாளைப் பெண்தான் என் சிநேகிதி. விடிந்ததும் இருவரும் கடலைக்காட்டில் புகுந்தால் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவோம். அந்தப் பச்சைக் கடலையின் பால் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது.

ஊசி போடச் சர்க்கார் ஆள் அனுப்பியது. பெரியப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கட்டை வண்டி மேல் ஏறி நின்று, "நம்ம ஊட்டுப் புள்ளைக கையில அவனுக எதைக் குத்தறானுகன்னு நமக்குத் தெரியுமுங்களா?" என்று முழங்குவார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஊசி போட்டுக்கொள்ளச் சொன்ன எதிராளியின் பேச்சைக் கேட்க அவருடைய வண்டிமாடுகள்தான் நின்றன.

இதற்கிடையில் ஒருநாள் கோயிலுக்கென்று சேலத்துக்கு பஸ் ஏறினோம். கோயிலுக்கும் போனோம். ஆனால் முதலில் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர் வீட்டுக்குப் போனோம். பெரியப்பா உட்பட ஒருவர் பாக்கியில்லாமல் எங்கள் குடும்பத்துக்கே ஊசி. நான் போட்ட கூச்சலை அடக்கக் கை நிறையச் சிவப்பு வளையல் வாங்கித் தந்தார்கள்.

"ஊசின்னு வாயைத் தொறந்தே, அத்தனையும் கழட்டிருவேன்" என்றாள் பெரியம்மா.

மறுநாள் கூட்டத்தில் வீங்கிய இடது கையைப் பெரியப்பாவால் தூக்கவே முடியவில்லை. கும்பிடுவதற்குப் பதில் வலது கையை மட்டும் உயர்த்தினார். அது ஏதோ புது வீர வணக்கம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் ஆடு மேய்ப்பவர்கள்கூட ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

அன்றைக்கே சிநேகிதியின் அப்பா எங்கள் சாளைக்கு வந்தார்.

"ஏனுங்க, ஊசிக்காரன் வாசல்ல நிக்கறானுங்க. புள்ளைக்காச்சும் போட்டுரலாமுங்களா?"

பெரியப்பா துண்டை இழுத்து இடது கையை மூடிக்கொண்டார். வந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"உனக்குப் போட்டாங்களா சாமி?"

நான் வளையல்களைப் பார்த்தேன். "இல்லீங்க மாமா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. நேரே போய் ஊசிக்காரரை அனுப்பிவிட்டார். சமர்த்து என்று பெரியம்மா என் கன்னத்தை வழித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எலெக்‌ஷனில் பெரியப்பா ஜெயித்தார். விருந்துக்கு ஊரே வந்தது, சிநேகிதியைத்தான் காணோம். அவர்கள் சாளை இருந்த இடத்தில் சாம்பல் கிடந்தது. அவள் அம்மாவைப் பெற்ற அப்பிச்சி ஊருக்குப் போயிருக்கிறாள் என்றாள் பெரியம்மா. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாளே என்று கோபம் வந்தது. ஆனாலும் பாதி வளையலைக் கழற்றி, அவளுக்கென்று துணியில் முடிந்து வைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து அவளுடைய அப்பா எங்கள் காட்டு வழியே போனார். ஓடிப்போய் முடிச்சை நீட்டினேன்.

"அவ வந்தாக் குடுங்க மாமா."

அவர் பிரித்துப் பார்த்தார். அப்படியே வரப்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரிய மனுஷர் ஒருவர் அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. கொடுத்தது போதவில்லைபோல என்று நினைத்து, கையில் இருந்த மீதி வளையல்களையும் கழற்றி அவர் மடியில் வைத்தேன்.