அந்தப் பிழை முதலியாருடையதல்ல

காலை வழக்குகள் கூப்பிடத் தொடங்கியிருந்த நேரம். பெயர் கூப்பிடும் ஆராச்சி, வாசலில் கோப்புடன் நின்ற என் பக்கம் குனிந்து, எங்கள் முதலி மஹத்தயா விடியற்காலையில் போய்விட்டார் என்று சிங்களத்தில் சொன்னார். சொல்லிவிட்டு நிமிர்ந்து அடுத்த வழக்கின் எதிரியின் பெயரை உரக்கக் கூப்பிட்டார். சாவுச் செய்தி கேட்டால் நாங்கள் ஓதும் இன்னாலில்லாஹியை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். திருநீறு பூசாமல் வீட்டைவிட்டுப் புறப்படாத மனிதருக்கு அதைச் சொல்லலாமா என்று யோசிக்கத் தோன்றவில்லை.

மகேசன் முதலியாரைக் கண்டி நீதிமன்ற வளவில் அறியாதவர்கள் இல்லை. வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். நம் நாட்டில் அந்த வேலை செய்பவரை முதலியார் என்று அழைப்பது பழைய பழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் மாற்றலாகி வந்தவர், கட்டுகஸ்தோட்டையிலேயே குடியிருந்துவிட்டார். இங்கே வழக்கு நடப்பது சிங்களத்தில். ஹேவாஹெட்டையிலிருந்தும் மடுல்கெல்லையிலிருந்தும் வந்து கூண்டில் ஏறும் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு, நீதவான் என்ன சொன்னார் என்பது முதலியாரின் வாய் வழியாகத்தான் தெரியும்.

அவரிடம் ஒரு வழமை இருந்தது. மதிய இடைவேளைக்கு நீதிமன்றம் கலைந்ததும், அன்று காலை தண்டனை பெற்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட, தமிழ் பேசுபவர்களை வெளி விறாந்தையின் நீள வாங்குப் பலகையில் உட்கார வைப்பார். “உங்களுக்குக் கிடைச்ச தீர்ப்பு என்ன? நீங்களே சொல்லுங்கோ,” என்பார். மனைவி கூட வந்திருந்தால் அவரும் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லும்வரை ஒருவரையும் போக விடமாட்டார். இளம் சட்டத்தரணிகள் நாங்கள் அதற்கு ‘முதலியார் ரியூஷன்’ என்று பெயர் வைத்துச் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான்தான்.

ஆனால் அந்த வாங்கில் வரும் பதில்களைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். தோட்டத்து ஆட்களுக்குத் தண்டனை இரண்டே வகை. சிறைச்சாலை பஸ்ஸில் ஏற்றினால் தோற்றோம், ஏற்றாவிட்டால் வென்றோம். ஒத்திவைத்த சிறைத்தண்டனை என்பது இந்த இரண்டிலும் அடங்காது. இரண்டு வருடச் சிறை விதித்து, அதை ஐந்து வருடத்துக்கு ஒத்திவைத்தால், ஆள் அன்றே வீட்டுக்குப் போகலாம். அந்த ஐந்து வருடத்துக்குள் சிறைக்குப் போகக்கூடிய இன்னொரு குற்றம் செய்தால் பழைய இரண்டு வருடமும் எழுந்து வந்து பிடித்துக்கொள்ளும். மடுல்கெல்லைக்காரர் ஒருவர் இப்படியொரு தீர்ப்பை வாங்கிக்கொண்டு, “வென்றுட்டோம்யா,” என்று முதலியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரை அனுப்ப அன்று முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதலியார் கொண்டுவந்த சோற்றுப் பார்சல் திறக்கப்படவேயில்லை.

எங்கள் ஊர் அக்குறணை ஆட்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. வாகனம் ஓட்டி ஒருவரைக் காயப்படுத்திய புடவைக்கடை முதலாளி ஒருவருக்கு, சிறைக்குப் பதிலாக ஆஸ்பத்திரி வளவை நாற்பது நாள் துப்புரவாக்கும் சமுதாயப் பணி விதித்தார்கள். வாங்கில் உட்கார்ந்த முதலாளி, “நம்மட கடையில ஆள் இரிக்கிதானே, அவன அனுப்பி வைக்கிறேன்,” என்றார். முதலியார் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. “தண்டனைக்குப் பதிலாள் இல்லை முதலாளி. தும்புத்தடி உங்கட கையிலதான் இருக்கோணும்,” என்றார். மனிதர் பிறகு நாற்பது நாளும் தானே போய்க் கூட்டினார். வாப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதால் இந்தக் கதை எங்கள் வீட்டில் வெகுகாலம் ஓடியது.

இதெல்லாம் வேலைக்கு மிஞ்சிய வேலை இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். “தீர்ப்பு வாசிக்கிறது நீதவான்ர வேலை, பிள்ளை. அது ஆளிட்டைப் போய்ச் சேர்ந்ததோ எண்டு பாக்கிறது என்ரை வேலை,” என்றார்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு மெச்சி எழுதுகிறாயே, செல்வராஜை மறந்துவிட்டாயா என்று இதை வாசிக்கும் சிலர் கேட்பீர்கள். தண்டனையை முதலியார் விளங்கப்படுத்தாமல் விட்டதால் ஒருவன் உள்ளே போனான் என்ற கதை நம் எல்லோர் காதிலும் விழுந்ததுதான். நடந்தது இது.

செல்வராஜ் ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்பவர், என் கட்சிக்காரர். தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் பக்கத்து லயத்து வீட்டுக்காரரை மண்வெட்டிப் பிடியால் அடித்துக் காயப்படுத்திவிட்டார். குற்றத்தை ஏற்கச் சொன்னது நான். நான் எதிர்பார்த்தபடியே, இரண்டு வருடச் சிறையை ஐந்து வருடத்துக்கு ஒத்திவைத்தார் நீதவான். முதலியார் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னார். கூண்டில் நின்ற மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது அவருக்கு எதுவும் ஏறியிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

முதலியார் அடுத்த வழக்கில் நின்றபடியே, வாங்கில் இருக்கச் சொல்லி அவருக்குக் கை காட்டினார். எனக்கு மேல்மாடி நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. என் ஆள் ஒருவர் ரியூஷனுக்குக் காத்திருப்பதும் எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. தீர்ப்பை நானே விளக்கிவிட்டேன் என்று முதலியாருக்குச் சைகை காட்டினேன். செல்வராஜிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “கேஸ் முடிஞ்சி. இனிப் பயமில்ல. போங்க, பஸ் போயிரும்.”

மூன்றாம் வருடம் அவர் கசிப்புக் கள்ளச்சாராயப் போத்தல்களுடன் பிடிபட்டார். ஒரே நாளில் முடித்துக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்று, சட்டத்தரணி இல்லாமல், முதல் தவணையிலேயே குற்றத்தை ஏற்றார். பழைய வழக்குத்தான் முடிந்துவிட்டதே என்பது அவர் எண்ணம். கைரேகை அறிக்கை வந்தது. பழைய தீர்ப்பும் கூடவே வந்தது. இரண்டு வருடம் பல்லேகலைச் சிறையில் இருந்தார்.

யாரும் எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை என்று அவர் மனைவி மேலிடத்துக்கு மனுப் போட்டார். மொழிபெயர்ப்பாளரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. முதலியார் ஒரு வரியில் பதில் எழுதினார்: என் வழமைப்படி அன்று விளக்கத் தவறிவிட்டேன். அவருடைய தனிக்கோப்பில் கண்டனக் கடிதம் ஏறியது. நான் பதறிக்கொண்டு அவரிடம் ஓடினேன். “நான் வெளியில வந்து மறிச்சிருக்கலாம். மறிக்கேல்லை,” என்றார். பிறகு, “எனக்குப் பென்சனுக்கு இன்னும் ஒண்டரை வருசம். உமக்கு முழுக்காலமும் கிடக்கு, பிள்ளை. விடும்,” என்றார். நான் விட்டேன். பிரியாவிடையில் அவருடைய தமிழைப் புகழ்ந்து பத்து நிமிடம் பேசினேன். பேச வேண்டியதைப் பேசவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வேறு நியாயம் எதுவும் இல்லை.

செத்தவீட்டுக்குப் போனபோது, கட்டுகஸ்தோட்டையில் முதலியார் வீட்டு முற்றத்துப் பந்தலில் செல்வராஜையும் மனைவியையும் கண்டேன். முன்னால் இருந்தவர் பக்கத்துக் கதிரைக்காரரிடம், முதலியார் சொல்ல மறந்தது இந்த ஆளுக்குத்தான் என்று காட்டிக்கொண்டிருந்தார். செல்வராஜ் என்னைக் கண்டு எழுந்து வந்தார்.

“மொதல்ல ஐயா மேல சரியான கோவங்க, மேடம். ‘நான்தான் சொல்லாம விட்டுட்டேன், மன்னிச்சுக்க’ன்னு அவரே வந்து சொன்னாரு. அப்பறம் மாசா மாசம் இவள ஜெயிலுக்குக் கூட்டியாந்தாரு. இவளுக்குச் சிங்களம் தெரியாதுல்ல, கேட்ல அவர்தான் பேசுவாரு. கோவமெல்லாம் போயிருச்சு. நானும் மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டேன்.”

மாதாமாதம் போனது எனக்குத் தெரியாது. அந்த வீட்டிலும் ஒருவருக்கும் தெரியாது என்று பிறகு கேட்டறிந்தேன்.

அதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. “ஐயா உங்கள வாங்கில இருக்கச் சொன்னார். நான்தான் அனுப்பினேன். பிழை என்டதான்,” என்றேன். முன்னால் இருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்வராஜின் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. செல்வராஜ் சற்று முன் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி உள்ளே போய், முதலியாரின் காலடியில் நின்றார். வெகுநேரம் நின்றார்.

வெளியே வந்து, என்னைக் கடந்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. தனிக்கோப்பில் இருக்கும் கண்டனத்தை நீக்கும்படி, நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு நேற்று அனுப்பிவிட்டேன். உங்களிடம் இங்கே சொல்கிறேன். நேர்மை, தமிழ், பொறுமை என்று அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள உங்களுக்கு நிறைய இருக்கும். அவர் ஏழு வருடம் எனக்காகச் சுமந்த என் பிழையை நான் எடுத்துக்கொள்கிறேன்.