படத்துக்கு வைத்த பலகாரம்

காளியம்மாவின் வீட்டில் பலகாரத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. பீடோங் பக்கம் ஒரு மலிவு விலை வீட்டு வரிசையில் நடு வீடு அவளுடையது. இடது பக்கத்து வீட்டில் கக் ரொஹானா, காலையில் சாலையோரம் மேசை போட்டு குவே என்கிற மலாய்ப் பலகாரங்களை விற்கிறவள். வலது பக்கத்தில் சுவீ லான் ஆண்டி, பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூரில் இருக்க, தனியாக வீட்டைக் கட்டிக்கொண்டு கிடக்கும் சீன அம்மாள். ஆவியில் வேகிற எதுவும் அவள் கையில் தப்பாது. இந்த இருவருக்கும் நடுவில் காளியம்மா. சுங்கை லாலாங் தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினைந்து வயதில் ரப்பர்ப் பால் வாளி தூக்கி, இப்போது ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் காலைச் சமையல் வேலை பார்க்கிறாள். அவள் முறுக்கு பிழிகிற நாளில் அந்த வரிசையில் ஒருத்தரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது மூன்று வீட்டுக்கும் பொதுவான சட்டம். கக் ரொஹானாவின் தட்டில் உருளைக்கிழங்குக் கறி அடைத்த கறிபாப் வந்தால் ஓமப்பொடி திரும்பிப் போகும். சுவீ லான் ஆண்டியின் கிண்ணத்தில் பாசிப்பயறு அடைத்த சிவப்பு ஆங்கு குவே வந்தால் நெய் உருண்டை போகும். இப்படிப் போய் வந்து, போய் வந்து, யாருடைய தட்டு யாருடையது என்பதே குழம்பிவிட்டது.

சாயந்தரம் ஐந்து மணிக்கு அந்த வீட்டில் தேநீர் நேரம். வந்த பலகாரம் எல்லாம் ஒரு பெரிய தட்டில் இருக்கும். காளியம்மா, புருஷன் சின்னையா, ஒரே மகன் விக்னேஸ்வரன் மூவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் பாயில் உட்காருவார்கள். தொலைக்காட்சியை யாரும் பார்க்க மாட்டார்கள், பேச்சு முழுக்கத் தட்டைப் பற்றித்தான். மலாய்க்காரர்களின் பெனரம், நடுவில் ஓட்டை போட்ட அதிரசம் போலவே இருக்கும். யாரிடமிருந்து யார் கற்றுக்கொண்டார்கள் என்று அப்பனும் மகனும் வருஷக்கணக்காக வழக்காடினார்கள். கக் ரொஹானாவைக் கேட்டால் நம்முடையதுதான் என்பாள். காளியம்மாவைக் கேட்டால் அவளும் அதையேதான் சொல்வாள்.

விக்கிக்கு இருபத்து நாலு வயது. சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலை. புவா மெலாகா என்றால் உயிரை விடுவான். பச்சை உருண்டை, மேலே தேங்காய்ப்பூ, உள்ளே உருகிய கருப்பட்டி, கடித்தால் சட்டையில் தெறிக்கும். அவன் சட்டைகள் எல்லாவற்றிலும் அந்தக் கறை இருந்தது. ஆனால் அந்தத் தட்டுக்குக் காவல்காரனும் அவன்தான். சின்னையாவுக்கு ஒன்பது வருஷமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. பாதிக் கறிபாப், ஒரே ஒரு புவா மெலாகா, அதோடு சரி. அதற்கு மேல் அப்பன் கை நீண்டால் மகன் தட்டையே தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவான். சின்னையா திட்டுவார், கெஞ்சுவார், கடைசியில் சிரித்துவிடுவார். இந்த நோய் விஷயம் மூவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சின்னையா ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாகா. நோயாளி என்று தெரிந்தால் அந்தக் காவல் வேலைக்கும் ஆள் மாற்றிவிடுவார்கள் என்று பயந்து வாயைத் திறக்காமல் இருந்தார்.

போன பிப்ரவரியில் ஒரு காலை நேரம், வேலைக்குப் போன விக்கியின் மோட்டார் சைக்கிளை லாரி ஒன்று அடித்துவிட்டது. அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தச் சாலையில் அப்படிப் போன பிள்ளைகள் நிறைய.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. காளியம்மாவின் சனங்கள் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த வழக்கம் அது, டவுனுக்கு வந்தும் விடவில்லை. சட்டியைக் கழுவித் துடைத்து அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். பலகாரத்தின் வாசனையே அந்த வீட்டை விட்டுப் போனது. சின்னையா சோற்றையும் விட்டார். தட்டில் பிசைவார், ஒரு வாய் வைப்பார், கையைக் கழுவிவிடுவார். இரண்டே வாரத்தில் ஜாகா சட்டை தோளிலிருந்து வழுக்கியது. மகனைத் தூக்கிக் கொடுத்தவளுக்குப் புருஷனையும் தூக்கிக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

கருமாதி முடிந்த மறுநாள் கக் ரொஹானா ஒரு தட்டு நிறையப் புவா மெலாகா கொண்டுவந்து நீட்டினாள். விக்கிக்குப் பிடிக்கும் என்று சொல்லி அழுதாள். காளியம்மா அதை மகன் படத்துக்கு முன்னால் வைத்து, பக்கத்தில் தேநீரும் வைத்து, விளக்கை ஏற்றினாள். படத்துக்கு வைத்ததை வெளியே கொடுக்கக் கூடாது, கொட்டவும் கூடாது. வீட்டு ஆட்கள்தான் சாப்பிட வேண்டும், அப்போதுதான் போனவருக்குப் போய்ச் சேரும். இதுவும் தோட்டத்து வழக்கம்தான். பத்துப் பதினைந்து பேர் அடைந்து கிடந்த லயத்து வீட்டுக்கு அது பொருந்தும். இங்கே வீட்டில் மிச்சம் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருத்தருக்கு இனிப்பு நீர்.

சின்னையா தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தின்றார். பதினேழு நாளில் அந்த மனிதர் பசியோடு சாப்பிட்டது அன்றுதான். காளியம்மா தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். பிறகு வேலிப் பக்கம் போய், அவர் சாப்பிட்டார் என்று கக் ரொஹானாவிடம் சொன்னாள். சுவீ லான் ஆண்டியிடமும் சொன்னாள்.

அவ்வளவுதான், மறுநாளிலிருந்து தட்டுகள் வரிசை கட்டின. அந்த இரண்டு பெண்களும் நல்லவர்கள். தங்கள் கையால் சமைத்தது ஒரு துக்க வீட்டில் ஒரு மனிதனின் வாயில் இறங்குகிறது என்று கேட்டால் எவளுக்குத்தான் கை சும்மா இருக்கும்? செரி மூக்கா, குவே லாப்பிஸ், கருப்பட்டி போட்ட கஞ்சி, ஆங்கு குவே, கடலை பிஸ்கட், எல்லாமே இனிப்பு. நோன்புப் பெருநாளுக்கு அல்வா மாதிரி டோடோல் வந்தது. திருப்பிக் கொடுக்க இந்த வீட்டில் சட்டி ஏறாது என்பது அவர்களுக்குத் தெரியும், தட்டை வெறுமனே வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லாம் படத்துக்கு முன்னால் வைக்கப்பட்டது. எல்லாவற்றையும் சின்னையா தின்றார். காளியம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றிரண்டு எடுத்துக்கொள்வாள். அவர் பழையபடி பெனரத்தைப் பற்றிக்கூட ஒருநாள் பேசினார். அவள் வாழ்க்கையில் அந்தச் சாயந்தரங்கள்தான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

கிளினிக் நாள் வரும். அதற்கு மட்டும் இருவரும் சாமர்த்தியம் செய்தார்கள். இரண்டு நாளைக்கு முன்னாலிருந்து இனிப்பு கிடையாது, ராத்திரிச் சோறு கிடையாது. காலையில் விரலில் குத்திப் பார்த்தால் கணக்கு ஏதோ ஒப்புக்கு நிற்கும். தோட்டத்துச் சனங்கள் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள், யாரை ஏமாற்றுகிறோம் என்று மட்டும் யோசிப்பதில்லை. மே மாதம் அங்கே நர்ஸாக இருந்த மேனகா மிஸ்ஸி, யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், ஊசியால் நிறைய ரத்தம் எடுத்து அனுப்பினாள். அடுத்த தடவை காளியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள். விரலில் குத்துவது அன்றைய கதையைச் சொல்லும், இந்த ரத்தம் மூன்று மாதக் கதையைச் சொல்லும், வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டாள். காளியம்மா ஒன்றும் இல்லை என்றாள். சோறும் ரசமும்தான் என்றாள். முப்பது வருஷக் குடும்பத்தில் வாய் கூசாமல் அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

மிஸ்ஸி அவளை நம்பவில்லை. "அக்கா, இப்படியே போனா மொதல்ல காலுதான் போகும். தெனமும் காலப் பாத்துக்குங்க," என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அன்று சாயந்தரம் காளியம்மா தட்டை எடுத்து ஒளிக்கத்தான் போனாள். சின்னையா படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பையனுக்கு வைத்ததை நாம் தின்னாவிட்டால் அவனுக்குப் போய்ச் சேராது, அவனைப் பட்டினி போடப் பார்க்கிறாயா என்று கேட்டார். அவள் தட்டைத் திரும்பப் படத்துக்கு முன்னால் வைத்தாள். படத்துக்கு வைத்தது உடம்பை ஒன்றும் செய்யாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மிஸ்ஸி சொன்னதும் உண்மை, இதுவும் உண்மை என்று இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த மூன்று மாதம் ஓட்டினாள். வேலிப் பக்கம் போய் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் தட்டுகள் நின்றிருக்கும். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கொண்டுவருகிறவர்களின் முகம் வாடிவிடும் என்று நினைத்தாள். சாயந்தரங்கள் போய்விடும் என்றும் நினைத்தாள்.

செப்டம்பரில் பாயில் ஒரு ஈரக் கறை தெரிந்தது. ஜாகா பூட்ஸ் கடித்த காயம், இடது கால் பெருவிரலில். பத்து நாளாக இருந்திருக்கிறது. கறுப்புக் காலுறையில் எதுவும் தெரியவில்லை, அவருக்கு வலிக்கவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது விரல் கறுத்து, கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அக்டோபர் முதல் வாரம் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்றுதான் அவள் இரண்டு வீட்டுக்கும் போய் இனிப்பு நீர் விஷயத்தைச் சொன்னாள். கக் ரொஹானா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை, என் கையால் அல்லவா கொடுத்தேன் என்று மலாயில் திரும்பத் திரும்பக் கேட்டாள். சுவீ லான் ஆண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அது காளியம்மாவை ரொஹானாவின் அழுகையை விட அதிகமாகச் சுட்டது.

வீட்டுக்கு வந்த சின்னையாவுக்குக் கேழ்வரகுக் கஞ்சியும் வேகவைத்த கீரையும் கொடுத்தாள். படத்துக்கு வெறும் தண்ணீர் வைத்தாள். அவர் சாப்பிட மறுத்துவிட்டார். மாத்திரையையும் நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்து துப்பினார். சண்டை போட்டுப் பார்த்தாள், காலில் விழுந்தும் பார்த்தாள். நவம்பரில் வலது காலும் கறுத்தது. சுங்கைப் பட்டாணியில் பெரிய டாக்டர், இதையும் எடுத்தால் பிழைப்பார், எடுக்காவிட்டால் ஒரு வாரம் தாங்காது என்று சொல்லி, கையெழுத்துப் போடும் தாளைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். சின்னையா அந்தப் பேனாவைத் தொடவில்லை.

பார்வையாளர் நேரம். காளியம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எல்லாம் என்னால்தான், நான்தான் உங்களைத் தின்னக் கொடுத்துக் கெடுத்தேன், கையெழுத்துப் போடுங்கள் என்று மன்றாடினாள். சின்னையா அவள் பக்கம் திரும்பினார்.

"ஒம்மேல தப்பு இல்ல, காளி. நா தெரிஞ்சேதான் தின்னேன். நீ வெக்கலன்னா வெளிய போயி வாங்கித் தின்னுருப்பேன். அவன் போனப்பவே எனக்குப் போதும்னு ஆயிருச்சு. வேற மாதிரி போனா ஒனக்குத்தான் கேவலம். இதுன்னா சீக்குல போனான்னு சொல்லிருவாங்க லா."

அவள் மனசில் இருந்த பாரத்தை இறக்கத்தான் அவர் அதைச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்.  பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஏழு மாசமும் நா ஒங்க பக்கத்துலதாங்க ஒக்காந்திருந்தேன்," என்றாள். "நீங்க சாப்புடுறீங்க, நீங்களாச்சும் எனக்கு இருக்கீங்கன்னு சந்தோசமா ஒக்காந்திருந்தேன். நா ஒருத்தி இருக்கேன்னு ஒரு நாளாச்சும் நெனச்சீங்களா?"

சின்னையா அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாலு நாள் கழித்து இறந்தார். அந்த நாலு நாளும் காளியம்மா போய், துடைத்துவிட்டு, தலையணையைச் சரிசெய்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்டதைத் திரும்பக் கேட்கவில்லை. அவரும் பதில் சொல்லவில்லை.