கதவுக்குப் பின்னால் ஆக்சிஜன் பெட்டி

சாந்தன்பாறையில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடி கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். கட்டப்போகும் கட்டடத்தை முதலில் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்ப்பது எங்கள் தொழில். ஏசி ஆட்கள் காற்று போகும் தகரக் குழலை, அதாவது டக்டை, வரைந்து அனுப்புவார்கள். கரண்டு ஆட்கள் ஒயர் போகும் தட்டுகளை, பிளம்பிங் ஆட்கள் தண்ணீர்க் குழாய்களை. அத்தனையையும் ஒரே மாடலில் சேர்த்து எது எதோடு முட்டுகிறது என்று தேடுவது என் பாடு. முட்டும் இடம் சிவப்பாகத் தெரியும். யார் நகர்வது என்று முடிவுசெய்ய வாரத்துக்கு ஒரு நாள் வீடியோ காலில் பஞ்சாயத்து.

ரொம்ப நாளாக, நான் வேலை செய்த கட்டடம் எதையும் நேரில் பார்த்ததில்லை. எல்லாம் எங்கோ தூரத்து ஊர்களில். அதனால் பூப்பாறைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் புதிய பகுதி என் கைக்கு வந்தபோது மனசுக்குள் ஒரே துள்ளல். ஜீப் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிடலாம்.

வேலை லேசாக இல்லை. மலைச்சரிவு என்பதால் தளத்தின் உயரம் குறைவு. வராந்தாவில் சீலிங்குக்கு மேலே ஒன்றரை அடி இடம்தான். அதற்குள் காற்றுக் குழல், ஒயர்த் தட்டு, மாடிக் கக்கூஸின் கழிவுக் குழாய், நோயாளிகளுக்கான ஆக்சிஜன் குழாய், எல்லாம் போகவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேடிப் பார்த்தால் சிவப்பு ஒன்றுகூட இல்லை. வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டு, வரும்போது பரோட்டா வாங்கிவரச் சொன்னேன்.

அடுத்த வாரம் லேப்டாப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பூசாத சுவர்களுக்கு நடுவே நின்று, சைட் சூப்பர்வைசருக்கும் அங்கே வேலை பார்க்கும் மூத்த நர்ஸுக்கும் மாடலைக் காட்டினேன். நர்ஸக்கா எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் எப்போதும் ஒரு பேனா. திரையில் வராந்தா வழியாக நடந்துபோவதுபோலக் காட்டினேன். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னம்மா, உங்க கதவெல்லாம் மூடியே கெடக்கு?" என்றார்.

"மாடல்ல அப்படித்தான் வரும்க்கா. மூடின மாதிரி வரைவோம்."

"ஆஸ்பத்திரில வார்டுக் கதவு எப்பம்மா மூடிக் கெடக்கும்? தள்ளுவண்டி போக வர ரெண்டு பக்கமும் தொறந்து, கல்லு வச்சு நிறுத்திருவோம்ல. அந்தக் கதவத் தொறந்து காட்டு பாப்போம்."

திறந்து காட்டினேன். கதவு வெளிப்பக்கமாகச் சுழன்று வராந்தாச் சுவரை ஒட்டி நின்றது. அதன் பின்னால் முழுசாக மறைந்துபோனது ஆக்சிஜன் வால்வுப் பெட்டி. வார்டில் தீப்பிடித்தால் நர்ஸ் ஓடிவந்து கைப்பிடியைத் திருப்பி ஆக்சிஜனை அடைக்கவேண்டிய பெட்டி அது. கதவும் பெட்டியும் ஒன்றையொன்று முட்டவில்லை. அதனால் கம்ப்யூட்டர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

முகமெல்லாம் சூடேறியது. "கதவ மூடிட்டுப் பெட்டியத் தொறக்கலாமேக்கா" என்று சொல்லிப் பார்த்தேன்.

சூப்பர்வைசர் நல்ல மனிதர், மலையாளி. "சேச்சி, ஒரு பிளைவுட் உண்டு. நோக்கட்டே?" என்று, வைத்துப் பார்க்கலாமா எனக் கேட்டு, ஆள் உயரப் பலகை ஒன்றைத் தூக்கிவந்து கதவுபோலப் பிடித்துக்கொண்டார். நான் அட்டைப்பெட்டியைக் கிழித்து வால்வு வரும் இடத்தில் டேப் போட்டு ஒட்டினேன். செங்கல் சுமக்கும் கைவண்டியை நோயாளி வண்டியாக்கி வாசலில் நிறுத்தினோம். நான் போனில் வீடியோ எடுக்க, நர்ஸக்கா மேஜை வரப்போகும் இடத்திலிருந்து வேகமாக நடந்து வந்தார். வண்டி வழியில் நின்றதால் கதவை மூட முடியவில்லை. பலகைக்கும் சுவருக்கும் இடையே கையை விட்டார். முழங்கைக்கு மேல் போகவில்லை.

"பாத்தியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான். "எங்க மேஜைக்குப் பக்கத்துச் செவுத்துல வையேன். கண்ணு முன்னாடி இருக்கும்."

அந்தச் சுவர் வராந்தாவின் எதிர்ப்பக்கம். அங்கே வரவேண்டுமென்றால் ஆக்சிஜன் குழாய் வராந்தாவைக் குறுக்கே தாண்டவேண்டும். தாண்டும் இடத்தில் பீமுக்கு அடியில் காற்றுக் குழல் அடைத்துக்கொண்டிருக்கிறது. மூன்று மாத வேலை அவிழ்ந்துவிடுமே என்று ஜீப்பில் திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

அந்த வாரக் காலில் விஷயத்தைச் சொன்னதும் ஏசி கான்ட்ராக்டர், கோயம்புத்தூர்க்காரர், சலித்துக்கொண்டார். "ஏனுங்க மேடம், எல்லாம் ஓகேன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? ஒர்க் ஷாப்புல தகரம் வெட்ட ரெடியா வெச்சிருக்கறனுங்க."

"நான்தான் சொன்னேன் சார். தப்பு என்னோடதுதான். இந்த வீடியோவ மட்டும் பாருங்க" என்று, நர்ஸக்கா கையை நுழைத்துத் தடுமாறுவதைப் போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு தடவை பார்த்தார்.

"அந்த எடத்துல மட்டும் டக்டை ரெண்டு இஞ்ச் சப்பையாக்கித் தர்றனுங்க. அகலம் கூடும். ஒயர்த் தட்டை நீங்க தள்ளி வெச்சுக்கோணும்."

ஒயர்த் தட்டைத் தள்ளினால் கழிவுக் குழாயில் இடித்தது. கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும், அதை இஷ்டத்துக்குத் தூக்க முடியாது. நாலு நாள் உட்கார்ந்து, தட்டைக் குழாய்க்கு மேலாக வளைத்து ஏற்றினேன். பிளம்பிங்காரர், "என் குழாயத் தொடாத வரைக்கும் நீங்க எப்படி வேணா போங்க" என்று சிரித்தார். ஐந்தாம் நாள் சிவப்பு போனது. இந்தமுறை கதவுகளையெல்லாம் திறந்து வைத்துத்தான் தேடினேன். இப்போது எந்தக் கட்டடம் வந்தாலும் அப்படித்தான்.

கட்டடம் முடிந்து வார்டு திறந்தபிறகு, மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் அங்கேயே இருக்க நேர்ந்தது. அவள் தூங்கும்போது வராந்தாப் பெஞ்சில் சாய்ந்து வெள்ளைச் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு நேர் மேலே என்ன போகிறது, அது எங்கே வளைகிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியவேண்டியதும் இல்லை. அந்த நினைப்பு இதமாக இருந்தது.

நர்ஸக்கா மருந்துத் தட்டோடு வந்தார். "காய்ச்சல் எறங்கிருச்சு, நாளைக்குப் போயிரலாம்" என்றார். போனவர் திரும்பி வந்து, "கை கழுவுற தொட்டில பைப்பு செவுத்த ஒட்டி இருக்கு தாயி. பின்கையெல்லாம் இடிக்குது. அத யாரு வரஞ்சது?" என்று கேட்டார்.

மாடலில் சேர்த்துப் பார்த்தது நான்தான் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து அளவெடுக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு அவரோடு போனேன்.